ஏஜியன் கடலில் நாங்கள் நால்வர்

பயணக் கட்டுரை ஒன்று எழுதித் தாருங்கள் என்று இந்தச் சஞ்சிகைச் சகோதரி ஒருவர் என்னிடம் கேட்டு நெடுநாளாகிவிட்டது. 2019 செப்டெம்பரில் நானும் கணவரும் கிரேக்க நாட்டுக்குப் போய், அங்கிருந்து ஏஜியன் கடலில் ஓர் உல்லாசக் கப்பலில் ஐந்து நாட்கள் சுற்றிவிட்டு வந்தோம். வந்த கையோடு எழுதியிருக்கலாம். பிறகு கொரோனா வந்தது. அதன் பின் 2022 இல் பெற்றோல் வரிசையும் எரிவாயு வரிசையும். ஆனால் எழுதாமல் விட்டதற்கு இவை மட்டும் காரணமல்ல. எழுதினால் முழுவதையும் எழுத வேண்டும்; அதற்கு இவருடைய சம்மதம் வேண்டும். அதைக் கேட்கத்தான் எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது. கேட்டபோது "எழுதுமன், இனி ஆருக்கு ஒளிக்கிறது" என்று முடித்துவிட்டார்.

அப்போது எங்களுக்குத் திருமணமாகி எட்டு வருடங்கள். பிள்ளை இல்லை. கொழும்பில் தனியார் வைத்தியசாலை ஒன்றில் பரிசோதனைக் குழாய் முறையில் இரண்டு தடவை முயன்றோம். இரண்டும் கைகூடவில்லை. மூன்றாவது தடவைக்கென்று வங்கியில் ஒரு நிலையான வைப்பு இருந்தது. அது முதிர்ந்த மாதம் இவர் சொன்னார்: "இந்தக் காசுக்கு எங்கையாவது தூரமாப் போவம். உமக்கு இனி ஊசி வேண்டாம்." நான் இரண்டு நாட்கள் பேசாமல் இருந்தேன். சமூகப்பணி செய்கிறவள் என்றபடியால் மற்றவர்களுடைய வீட்டுத் திண்ணையில் இருந்து பேசத் தெரியும். சொந்த வீட்டில் அந்தப் பயிற்சி அவ்வளவாக உதவுவதில்லை.

எங்கே போவது என்பதைத் தீர்மானித்தவள் என் தோழி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் என்னோடு சமூகவியல் படித்தவள், விடுதியில் ஒரே அறை. திருமணமாகிச் சுவிற்சர்லாந்து போய், அங்கே முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்கிறாள். "நீங்கள் ஏதென்சுக்கு வாங்கோ, நாங்களும் வாறம். பிள்ளையளை மாமியோட விட்டிட்டு வாறன். பட்டம் எடுத்ததுக்கு ஒருக்காவாவது கிரேக்கத்தைப் பாக்க வேண்டாமே?" என்று தொலைபேசியில் சிரித்தாள். சமூகவியல் முதலாம் வருடத்தில் பிளேட்டோவையும் அரிஸ்டோட்டிலையும் நாங்கள் மனப்பாடம் செய்த கோலம் இருவருக்கும்தான் தெரியும்.

வீசா விடயத்தில் போக விரும்புகிறவர்களுக்கு ஒரு சொல். கப்பல் கிரேக்கத் தீவுகளுக்கு மட்டுமல்ல, இடையில் துருக்கிக்கும் போகிறது. துருக்கி ஷெங்கன் வட்டத்துக்குள் இல்லை. ஆகவே ஒருமுறை மட்டும் நுழையும் வீசாவோடு போனால் துருக்கியில் இறங்கிவிட்டு மறுபடியும் கிரேக்கத்துக்குள் வர முடியாது. விண்ணப்பிக்கும்போதே பலமுறை நுழையும் வீசா கேட்கவேண்டும். வங்கிக் கூற்று, வேலைக் கடிதம், காணி உறுதி, திருமணச் சான்றிதழ் என்று நான் கட்டிய கோவை, என் அலுவலகத்தில் ஒரு குடும்பத்துக்குக் கட்டும் கோவையைவிடத் தடிப்பாக இருந்தது. ஊரில் சிலர், இந்தக் காசுக்கு ஒரு நேர்த்தி வைத்திருக்கலாமே என்றார்கள். வைக்காத நேர்த்தி ஒன்று மிச்சமிருந்ததாக எனக்கு நினைவில்லை.

டோகா வழியாக ஏதென்ஸ் போய்ச் சேர்ந்தோம். விமான நிலையத்தில் தோழி ஓடிவந்து கட்டிப்பிடித்தபோது அவளுடைய கைகளைத்தான் முதலில் கவனித்தேன். சவர்க்காரத் தண்ணீரில் ஊறி வெடித்த கைகள். அவளோ என் கழுத்தில் தொங்கிய அலுவலக அடையாள அட்டையைத் தூக்கிப் பார்த்தாள். கழற்ற மறந்து அதோடேயே விமானம் ஏறியிருந்தேன். "நீயாவது படிச்ச வேலையைச் செய்யிறாய்" என்றாள்.

அக்றோபொலிஸ் குன்றில் ஏற நுழைவுச் சீட்டு 2019 இல் ஆளுக்கு 20 யூரோவாக இருந்தது. அப்போது ஒரு யூரோ ஏறத்தாழ 200 ரூபா. நாலாயிரம் ரூபா கொடுத்துக் கல் பார்க்கிறோமே என்று மனம் கணக்குப் போட்டது. மேலே போனதும் கணக்கு நின்றுவிட்டது. வழி முழுவதும் வெள்ளைச் சலவைக்கல். இரண்டாயிரத்து நானூறு வருடத்துக்கும் மேலாக மனிதர் நடந்து நடந்து கண்ணாடிபோல் வழுவழுத்துக் கிடக்கிறது. நான் செருப்போடு போய் இரண்டு இடத்தில் வழுக்கினேன். இவர் என் கையைப் பிடித்தவர், குன்றின் உச்சிவரை விடவில்லை. ஊரில் சந்தைக்குப் போகும்போது எனக்கு நாலு அடி முன்னாலே நடக்கிறவர் இவர்.

பார்த்தினன் என்ற அந்தப் பெரிய கோயில் அதீனா என்ற பெண் தெய்வத்துக்காகக் கட்டப்பட்டது. கி.மு. 447 இல் வேலை தொடங்கி, கி.மு. 432 அளவில் சிற்ப வேலைகளும் முடிந்தன. பின்னர் அது கிறிஸ்தவ தேவாலயமானது. துருக்கியர் ஆட்சியில் பள்ளிவாசலானது. 1687 இல் வெனிஸ் படை முற்றுகையிட்டபோது துருக்கியர் உள்ளே வெடிமருந்தைச் சேமித்து வைத்திருந்தார்கள். குண்டொன்று விழுந்து நடுப்பகுதி சிதறிப் போனது. இன்று நாம் காண்பது அதன் மிச்சம். வழிபாட்டிடத்தில் குண்டு விழுவதென்றால் என்னவென்று எங்கள் தலைமுறைக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. நாங்கள் நால்வரும் அந்தத் தூண்களுக்கு முன்னால் சற்று நேரம் பேசாமல் நின்றோம்.

எதிரே நிக்ஸ் என்ற மேடு தெரிகிறது. பண்டைய ஏதென்ஸ் குடிமக்கள் கூடிக் கையுயர்த்தி வாக்களித்த இடம். "உலகத்துக்கு ஜனநாயகம் குடுத்த இடம்" என்று தோழியின் கணவர் புகைப்படம் எடுத்தார். "அண்ணை, அந்தக் கூட்டத்துக்குப் பொம்பிளையளை விடேல்லை" என்றேன். அடிமைகளையும் விடவில்லை, வெளியூரிலிருந்து வந்து குடியிருந்தவர்களையும் விடவில்லை. நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை கிரேக்கப் பெண்களுக்கு 1952 இல்தான் கிடைத்தது. எங்களுடைய பாட்டிமாருக்கு டொனமூர் யாப்பின்படி 1931 இலேயே கிடைத்துவிட்டது. இதைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தக் குன்றிலேயே இன்னொரு சிறிய கோயிலில், தூண்களுக்குப் பதிலாக ஆறு பெண்கள் தலையில் கூரையைத் தாங்கி நிற்கிறார்கள். இப்போது வெளியில் நிற்பவை பிரதிகள். அசல் சிலைகளில் ஐந்து, குன்றின் அடிவாரத்தில் 2009 இல் திறந்த அரும்பொருட்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆறாவதை எல்ஜின் பிரபு 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கழற்றிக்கொண்டு போய்விட்டார். அது லண்டனில் பிரித்தானிய அரும்பொருட்காட்சியகத்தில் இருக்கிறது. ஏதென்சில் அவளுக்குரிய இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறார்கள். நான் அந்த வெறுமைக்கு முன்னாலே அதிக நேரம் நின்றுவிட்டேன் போலும். தோழி வந்து தோளில் கை வைத்தாள். அவள் எதை நினைத்தாள் என்று தெரியும். உண்மையில் நான் நினைத்தது, சிலைகளின் பின்னலை. முன்புறம் முகங்கள் தேய்ந்து போயிருக்க, பின்புறம் ஒவ்வொருத்தியின் கூந்தலும் தடித்த பின்னலாக அப்படியே இருக்கிறது. பிள்ளை இல்லாதவள் எதைப் பார்த்தாலும் பிள்ளையைத்தான் நினைப்பாள் என்று உலகம் முடிவு செய்துவிடுகிறது.

நான்காம் நாள் பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறினோம். யன்னல் இல்லாத உள்ளறைதான் மலிவு என்று அதைத்தான் எடுத்திருந்தோம். ஏறியவுடன் எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி கொடுத்து, ஆபத்தென்றால் எங்கே கூடவேண்டும் என்று ஒத்திகை பார்த்தார்கள். செம்மஞ்சள் அங்கியோடு இவர் நின்ற கோலத்தைப் பார்த்துச் சிரித்ததில் எனக்குப் பயம் போய்விட்டது. அன்று மாலை மிக்கோனோஸ் தீவு. வெள்ளைச் சுவர், நீலக் கதவு, காற்றாலை. அழகுதான், ஆனால் ஒரு தேநீரின் விலையைக் கேட்டுவிட்டு எழும்பி வந்துவிட்டோம்.

எங்கள் அறையைத் துப்புரவு செய்தவர் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண். துவாயை மடித்து ஒவ்வொரு நாளும் ஒரு மிருகம் செய்து கட்டிலில் வைத்துவிட்டுப் போவார். ஒரு நாள் முயல், ஒரு நாள் அன்னம். தன் மகனுடைய படத்தைக் கைத்தொலைபேசியில் காட்டினார். ஒன்பது மாத ஒப்பந்தம், மகனைப் பாட்டி பார்க்கிறாராம். எங்கள் பகுதியிலிருந்து மத்திய கிழக்குக்குப் போன தாய்மாரின் வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். பிள்ளைகளின் பக்கத்திலிருந்து அந்தக் கதை எனக்கு நன்றாகத் தெரியும். தாயின் பக்கத்திலிருந்து, துவாய் மடிக்கும் கைகளிலிருந்து அதை அன்றுதான் பார்த்தேன். உங்களுக்குப் பிள்ளைகள் உண்டோ என்று அவர் கேட்டார். இல்லை என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டுத் தலையணை உறையை மாற்றத் தொடங்கினார். அவ்வளவுதான். ஐயோ என்றில்லை, எத்தனை வருடம் என்றில்லை.

மறுநாள் காலை துருக்கியில் குசாதாசி. அங்கிருந்து பஸ்ஸில் எபேசு. தோழி கத்தோலிக்கப் பெண், பெயரைக் கேட்டதும் பரவசமாகிவிட்டாள். "பவுல் நிருபம் எழுதின எபேசடி!" ஆனால் முதலில் கூட்டிக்கொண்டு போனது அதற்கு மேலே மலையில் உள்ள மரியாளின் வீட்டுக்கு. இயேசுவின் தாய் தன் கடைசிக் காலத்தை அங்கே கழித்தார் என்பது ஒரு நம்பிக்கை. ஜெர்மனியக் கன்னியாஸ்திரி ஒருவர் கண்ட காட்சிகளின் குறிப்பை வைத்து 19 ஆம் நூற்றாண்டில் தேடிக் கண்டுபிடித்தார்கள். அது மரியாளின் வீடுதான் என்று திருச்சபை முடிவாகச் சொல்லவில்லை, ஆனாலும் பாப்பரசர்கள் மூவர் அங்கே வந்து போயிருக்கிறார்கள். முஸ்லிம் பெண்களும் வருகிறார்கள். குர்ஆனில் மர்யம் பெயரிலேயே ஓர் அத்தியாயம் உண்டல்லவா. மடுவில் எல்லாச் சமயத்தாரும் நிற்பதைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு அது புதினமாகப் படவில்லை.

சிறிய கல் வீடு, மரநிழல், கீழே இறங்கினால் ஊற்றுத் தண்ணீர்க் குழாய்கள். அதற்குப் பக்கத்தில் ஒரு சுவர். அதன் முழுநீளத்துக்கும் ஆயிரக்கணக்கான துணித் துண்டுகள், கடதாசித் துண்டுகள், முடிச்சு மேல் முடிச்சாக. வேண்டுதல் சுவராம். எங்கள் ஊர் அம்மன் கோயில் அரசமரத்தில் மஞ்சள் துணித் தொட்டில்கள் தொங்குமே, அதேதான். என்னுடையவை அந்த மரத்தில் மூன்று தொங்குகின்றன.

தோழி கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கிழித்து என்னிடம் நீட்டினாள். "கட்டடி." அவளுடைய கண் கலங்கியிருந்தது. அவளை நோகச் செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் கை நீளவில்லை. "எனக்குத் தண்ணி விடாய்க்குது" என்று குழாயடிக்குப் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தபோது இவர் அந்தச் சுவருக்கு முன்னால் தனியாக நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வகுப்பறையில் கரும்பலகையை வாசிப்பவர்போல.

எபேசு நகரத்தின் அழிபாடுகளைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். மேல் வாசலால் உள்ளே போய்ச் சலவைக்கல் தெருவால் இறங்கி வரவேண்டும். செல்சஸ் நூலகத்தின் முகப்பு இரண்டு மாடி உயரத்துக்கு நிற்கிறது; 1970களில் விழுந்த கற்களைப் பொருத்தித் திரும்ப நிமிர்த்தியிருக்கிறார்கள். ஏறத்தாழ 25,000 பேர் இருக்கக்கூடிய அரங்கு. ஒரு காலத்தில் பெரிய துறைமுக நகரம். ஆறு கொண்டுவந்த வண்டல் துறைமுகத்தை மூடிவிட, இப்போது கடல் பல கிலோமீற்றருக்கு அப்பால். உலக அதிசயம் ஏழில் ஒன்றாக இருந்த ஆர்ட்டெமிஸ் கோயிலில் ஒற்றைத் தூண்தான் மிச்சம். ஆர்ட்டெமிஸின் வெள்ளிக் கோயில்கள் செய்து விற்ற தட்டார், தங்கள் பிழைப்புப் போய்விடும் என்று பவுலுக்கு எதிராக அந்த அரங்கில் குழப்பம் செய்ததாக வேதாகமம் சொல்கிறது. இன்றும் வாசலில் சின்ன ஆர்ட்டெமிஸ் சிலைகளை விற்கிறார்கள். வியாபாரம் நன்றாகவே நடக்கிறது.

பிற்பகல் பத்மு தீவு. வெளிப்படுத்தின விசேஷம் எழுதப்பட்டதாகச் சொல்லும் குகைக்குள் தோழி முழந்தாளிட்டாள். இரவு கப்பல் புறப்பட்டபின் நால்வரும் சாப்பாட்டு மேசையில் இருந்தோம். தோழி பிள்ளைகளோடு கைத்தொலைபேசியில் பேசி முடித்திருந்தாள். அவளுடைய கணவர் மிகவும் நல்ல மனிதர். மனதில் வைத்திருந்ததைச் சொல்ல நல்ல நேரம் என்று நினைத்தார். "சுவிஸில கெட்டிக்கார டொக்டர்மார் இருக்கினம். இவவை ஒருக்கா அனுப்பி விடுங்கோ, நாங்கள் காட்டுறம்."

இவர் முள்ளுக்கரண்டியைக் கோப்பையில் வைத்தார். "இவவில ஒரு குறையுமில்லை அண்ணை. காட்டுறதெண்டால் என்னைத்தான் காட்ட வேணும்."

அந்த அறிக்கை 2014 இல் வந்தது. குறை இவருடைய பக்கத்தில் என்று தெளிவாக இருந்தது. "அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்" என்றார். நானும் சரி என்றேன். அதன் பிறகு ஐந்து வருடம், என்னைச் சுற்றி எல்லோரும் பேசினார்கள். சாமத்திய வீடொன்றுக்கு ஆலாத்தி எடுக்க அழைத்துவிட்டு, கடைசி நேரத்தில் "நீ இரு பிள்ளை" என்று வேறொருத்தியைக் கூப்பிட்டார்கள். பலருக்குத் தெரியாத இன்னொன்றையும் சொல்லவேண்டும்: குறை ஆணிடம் இருந்தாலும் இந்தச் சிகிச்சையில் பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போட்டுக்கொள்வதும், மயங்கிக் கிடந்து கருமுட்டை எடுக்கக் கொடுப்பதும் பெண்தான். பார்க்கிறவர்களுக்கு அதுவே போதுமான சாட்சியாகிவிடுகிறது. பெண்கள் வாய் திறக்கவேண்டும் என்று கருத்தரங்குகளில் பேசுகிற நானும் வாய் திறக்கவில்லை. இவரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாடு முடிந்து மேல்தட்டுக்குப் போனோம். நல்ல குளிர் காற்று. தூரத்தில் எந்தத் தீவோ, இரண்டு மூன்று வெளிச்சம். இவர் கைபிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அந்தச் சுவரைப் பாத்துக்கொண்டு நிண்டனான். அவ்வளவு துணியும் பொம்பிளையள்தான் கட்டியிருப்பினம். ஒரு ஆம்பிளையும் வந்திருக்க மாட்டான்."

இந்த இடத்தில் நான் நெகிழ்ந்து அழுதேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். எனக்கு வந்தது கோபம். நடுக்கடலில், என் தோழியின் புருஷனுக்கு முன்னால் சொல்ல முடிந்ததை ஊரில் சொல்ல ஏன் ஐந்து வருடம் வாய் வரவில்லை? அதை அப்படியே கேட்டேன். காற்றுக்குச் சத்தமாகத்தான் கேட்டேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரத் தம்பதி மெல்ல விலகிப் போனார்கள். இவர் பதில் சொல்லாமல் கனநேரம் நின்றார். பிறகு, "ஊருக்குப் போய்ச் சொல்லுறன்" என்றார்.

மிச்ச நாட்கள் எனக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கின்றன. ரோட்ஸ் தீவில் மதில் சூழ்ந்த பழைய நகரம், மாவீரர் தெரு. கிறீற் தீவில் நொசோஸ் அரண்மனை. 1900 இல் ஆர்தர் எவன்ஸ் அகழத் தொடங்கி, பிறகு கொங்கிறீற் போட்டுச் சிவப்புத் தூண்களை எழுப்பினார். அது சரியா பிழையா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். சன்ரொரினி எரிமலை வெடித்து நடுப்பகுதி கடலுக்குள் போன தீவு. கப்பலிலிருந்து படகில் இறங்கி, கயிற்றுத் தொங்கூர்தியில் செங்குத்தாக மேலே ஏறினோம். கழுதையிலும் ஏறலாம், அவற்றின் முதுகைப் பார்த்தால் ஏற மனம் வராது. சூரிய அஸ்தமனத்தைப் படம் எடுக்க எல்லோரும் முண்டியடித்தபோது தோழியும் நானும் ஒரு படிக்கட்டில் இருந்து, அவள் கொண்டுவந்த கச்சானைச் சாப்பிட்டோம். "நான் துணி நீட்டினது பிழையடி" என்றாள். "உனக்குத் தெரியாதுதானே" என்றேன். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை. விடுதியில் களவாகக் கறி சமைத்த கதைகள்தான் பேசினோம்.

ஊருக்கு வந்து இரண்டாம் நாள், இவர் மாமியிடம் சொன்னார். நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், வேண்டுமென்றே வெளியே வரவில்லை. விறாந்தையில் இவருடைய குரல் மெல்லக் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெங்காயம் தேவைக்கு மேலாகவே உரித்துவிட்டேன். மாமி எழுந்து வந்து குசினி வாசலில் நின்றார். என்னைப் பார்க்காமல், நான் சீவிய வெங்காயத்தைக் கையால் ஒதுக்கி, பலகையில் இடம் பண்ணி எனக்குப் பக்கத்தில் குந்தினார்.

"அந்தக் கப்பலில சோறு குடுத்தவையோ, பிள்ளை?" என்று கேட்டார்.